கம்பளிச் சீமான்களின் மௌனம்

‘எ பிளேஸ் டு கால் ஹோம்’ என்றொரு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடர் 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்களாக ஓடியது. கதை 1953-இல் தொடங்குகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு கற்பனை ஊர். அந்த ஊரையே கைக்குள் வைத்திருக்கும் பிளை என்ற பெரிய பண்ணைக் குடும்பம். குடும்பத்தைக் கைக்குள் வைத்திருக்கும் எலிசபெத் என்ற பாட்டியம்மாள். அவருடைய மகன் விரும்பும் நர்ஸ் யூத மதத்துக்கு மாறியவர், நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். பேரனோ ஆண்களை நேசிப்பவன். இவற்றை ஊர் வாயிலிருந்து காப்பாற்றுவதே பாட்டியின் முழுநேர வேலை. நம்மூர் நெடுந்தொடர்களில் ஊறியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகப் படாது. தொடர் நன்றாகவே எடுக்கப்பட்டது. ஆனால் அது ஒரு வசதியான விளக்கத்தை நம் முன் வைக்கிறது. இரகசியங்களுக்கெல்லாம் காரணம் ஒரு கிழவியின் இறுக்கமும் கௌரவமும்தான், அவர் மனம் இளகினால் வீட்டில் வெளிச்சம் வந்துவிடும் என்பதே அது. போருக்குப் பிந்தைய ஆஸ்திரேலியாவின் உண்மையான பண்ணைக் குடும்பங்களைப் பார்த்தால் இந்த விளக்கம் போதவில்லை. அங்கே இரகசியங்கள் நிலத்துக்கும் ஓட்டுக்கும் காவல் நின்றன. அதனால்தான் மனம் இளகிய நல்லவர்கள் இருந்த வீடுகளிலும் அவை பல தலைமுறை தாக்குப்பிடித்தன.

நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்பதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காலனி அரசு குடியேற்றத்துக்கு எல்லை வகுத்திருந்தது. ஆட்டு மந்தையோடு அந்த எல்லையைத் தாண்டிப் போய், கண்ட இடத்தில் பட்டி அடைத்தவர்களை ‘ஸ்குவாட்டர்’ என்றார்கள். அரசால் தடுக்க முடியவில்லை. 1836-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதித்துவிட்டது. அந்தப் பத்துப் பவுண்டுக்கு ஒருவர் எத்தனை சதுர மைல் வேண்டுமானாலும் மேய்க்கலாம். பிறகு 1861-இல் சிறு விவசாயிகளுக்கும் நிலம் கிடைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பெரிய பண்ணைக்காரர்கள் உறவினர் பெயரிலும் வேலையாட்கள் பெயரிலும் விண்ணப்பம் போட்டு, ஆற்றங்கரையையும் நீர்நிலையையும் ஒட்டிய துண்டுகளை வளைத்துக்கொண்டார்கள். தண்ணீர் கையில் இருந்தால் சுற்றியுள்ள வறண்ட நிலத்தை வேறு யார் கேட்கப் போகிறார்கள்? பினாமி வேலை என்றால் நமக்கு விளக்கவே வேண்டாம். ஆக, இந்தச் சொத்துகளின் அடித்தளத்திலேயே வெளியில் சொல்லக் கூடாத ஒரு கணக்கு இருந்தது.

அதைவிட ஆழமான கணக்கு இரத்தத்தில் எழுதப்பட்டது. 1838 ஜூனில் நியூ சவுத் வேல்ஸின் மையால் கிரீக் என்ற இடத்தில் பூர்வகுடிகள் சுமார் 28 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், வெள்ளையர் கும்பல் ஒன்று வெட்டிக் கொன்று எரித்தது. அபூர்வமாக அந்த வழக்கு நீதிமன்றம் வரை போய், 7 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தூக்கில் தொங்கியவர்கள் கைதிகளாக நாடுகடத்தப்பட்டு வந்து பண்ணைகளில் வேலை செய்தவர்கள். கும்பலில் இருந்த ஒரே பண்ணைக்கார வீட்டுப் பிள்ளையான ஜான் பிளெமிங் பிடிபடவே இல்லை. அந்தத் தீர்ப்பு கொலைகளை நிறுத்தவில்லை; கொலைகளைப் பற்றிப் பேசுவதைத்தான் நிறுத்தியது. இனி சாட்சி வைக்கக் கூடாது, காகிதத்தில் எழுதக் கூடாது என்பதே எல்லைப்புறம் கற்ற பாடம். பின்னாளில் மானிடவியலாளர் ஸ்டேனர் 1968-இல் தம் வானொலிச் சொற்பொழிவுகளில் ‘மாபெரும் ஆஸ்திரேலிய மௌனம்’ என்று பெயரிட்ட வழக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

அந்த மௌனம் ஒரு வீட்டுக்குள் எப்படி இயங்கியது என்பதற்குக் கவிஞர் ஜூடித் ரைட்டின் குடும்பத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 1915-இல் ஆர்மிடேல் நகருக்கு அருகே, நியூ இங்கிலாந்து மேட்டு நிலத்தின் பெரிய மேய்ச்சல் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தை பிலிப் ரைட் வட்டாரத்தின் பெரிய மனிதர். பின்னாளில் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் வேந்தர். அந்த மேட்டு நிலத்தின் விளிம்பில் செங்குத்தான பாறை முகடு ஒன்று உண்டு. மாடுகளை ஈட்டியால் குத்தினார்கள் என்பதற்காகப் பூர்வகுடிகளை விரட்டிக்கொண்டு போய் அந்த முகட்டிலிருந்து கீழே தள்ளிய கதையை ஜூடித்துக்குச் சொன்னவர் அவருடைய தந்தையேதான். இது கவனிக்க வேண்டிய இடம். குடும்பத்துக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மகளுக்குச் சொல்லலாம்; பொதுமேடையில் சொல்லக் கூடாது, நிலப் பத்திரத்தோடு சேர்த்துச் சொல்லவே கூடாது. இரகசியம் என்பது அங்கே அறியாமை அல்ல, எதை எந்த இடத்தில் பேசலாம் என்ற வரையறை. ஜூடித் அந்த வரையறையைத் தம் முதல் கவிதைத் தொகுப்பிலேயே மீறினார். 1946-இல் வெளிவந்த அந்த நூலில் முகட்டுப் படுகொலையைப் பற்றிய கவிதை இடம்பெற்றது.

ஆனால் அதே ஜூடித் 1959-இல் எழுதிய குடும்ப வரலாறு வேறு தொனியில் இருக்கிறது. ‘த ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்’ என்ற அந்த நூல், தாத்தா ஆல்பர்ட்டும் பாட்டி மேயும் குவீன்ஸ்லாந்திலும் நியூ இங்கிலாந்திலும் வறட்சியோடும் கடனோடும் போராடியதை, 1890-இல் கணவர் இறந்த பின் மே தனியாகச் சொத்தை நிமிர்த்தியதை அன்போடு சொல்கிறது. அழகான புத்தகம். பூர்வகுடிகளின் துயரம் அதில் நிழலாக வந்துபோகிறதே தவிர, கதையின் நடுவுக்கு வருவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981-இல், ‘த க்ரை ஃபார் த டெட்’ என்ற நூலில் அதே பாதையை அவர் மீண்டும் நடக்கிறார். இந்த முறை குடும்ப நாட்குறிப்புகளோடு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிக்கிறார். 1857-இல் குவீன்ஸ்லாந்தின் ஹார்னெட் பேங்க் பண்ணையில் 11 வெள்ளையர்கள் கொல்லப்பட்டதும், பழிக்குப் பழியாக யிமான் பூர்வகுடி மக்கள் நூற்றுக்கணக்கில் வேட்டையாடப்பட்டதும் தாத்தா பின்னாளில் மந்தை ஓட்டிய அதே பள்ளத்தாக்கில்தான். ஒரே எழுத்தாளர், ஒரே குடும்பம், இரண்டு புத்தகங்கள். தாத்தா பாட்டியை அவர் வெறுக்கத் தொடங்கிவிடவில்லை. அவர்கள் பட்ட பாட்டையும் மறுக்கவில்லை. அந்தப் பாடு யாருடைய நிலத்தில் பட்ட பாடு என்ற கேள்வியைச் சேர்த்தார், அவ்வளவுதான். முதல் புத்தகத்தில் அந்தக் கேள்வி நடுவுக்கு வராமல் போனதற்கு எழுத்தாளரின் திறமைக் குறைவு காரணமாக இருக்க முடியாது. 1950-களின் காற்றில் அதற்கு இடமில்லை.

அந்தக் காற்றில் என்ன இருந்தது? முதலில் பணம். கொரியப் போர் தொடங்கியதும் இராணுவ உடைக்காகக் கம்பளிக்கு உலகெங்கும் அடிதடி. ஒரு பவுண்டு எடைக் கம்பளிக்கு ஒரு பவுண்டு பணம் என்று ஆஸ்திரேலியர்கள் இன்றும் நினைவுகூரும் 1951-ஆம் ஆண்டு அது. பண்ணை வீடுகளுக்குப் புதுக் காரும் ஐரோப்பியப் பயணமும் வந்தன. இரண்டாவது, பயம். 1949-இல் மென்சீஸ் தலைமையில் லிபரல் கட்சியும், நாட்டுப்புறச் சொத்துடைமையாளர்களின் குரலான கண்ட்ரி கட்சியும் கூட்டணி அமைத்து ஆட்சியைப் பிடித்தன. கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்ய மென்சீஸ் கொண்டுவந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் தள்ளிவிட, அவர் 1951-இல் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார். அதிலும் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். 1954-இல் சோவியத் தூதரக அதிகாரி பெத்ரோவ் தஞ்சம் புகுந்தது தேர்தல் நேரத்தில் தலைப்புச் செய்தி ஆனது. தொழிற்கட்சி வந்தால் நிலத்தைப் பிரித்துவிடும், சங்கங்கள் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையை நடத்தும் என்ற பேச்சு பெரிய பண்ணைகளில் ஓயவில்லை. ஜூடித்தின் தந்தை முன்னணியில் நின்ற இயக்கமும் இந்தச் சூழலில் வளர்ந்ததுதான்: சிட்னியின் பிடியிலிருந்து விடுபட்டு நியூ இங்கிலாந்து தனி மாநிலமாக வேண்டும் என்ற கோரிக்கை. 1967 ஏப்ரல் 29 அன்று அதற்கு வாக்கெடுப்பு நடந்தது. நியூகாசிலின் தொழிலாளர் பகுதிகளும் எல்லைக்குள் சேர்க்கப்பட்டிருந்ததால், அந்த ஓட்டுகள் கோரிக்கையை வீழ்த்தின. சரியாக நான்கு வாரம் கழித்து, மே 27 அன்று, பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசு சட்டமியற்றவும் வழிசெய்யும் வாக்கெடுப்பு நாடு முழுவதும் நடந்து 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றது. பூர்வகுடிகள் கணிசமாக வாழ்ந்த நாட்டுப்புறப் பகுதிகளில்தான் எதிர்ப்பு ஓட்டு கூடுதலாக விழுந்தது. தன் உரிமைக்காக மாநிலம் கேட்ட வர்க்கம் வாழ்ந்த மண்ணில், வேறொருவர் உரிமைக்கு ஏன் அந்தத் தயக்கம் என்பதற்கு விடை நிலத்தில் இருக்கிறது.

அரசியல் போட்டியைப் புரிந்துகொள்ள விக்டோரியா மாநிலத்தின் மேற்கு மாவட்டத்துக்குப் போக வேண்டும். நரீன் என்ற பண்ணையின் வாரிசும் பின்னாளில் பிரதமர் ஆனவருமான மால்கம் ஃபிரேசர், 1954-இல் வானன் தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்று 17 ஓட்டில் தோற்றார். பதினெட்டே மாதத்தில் அதே தொகுதியை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்று, 25 வயதில் நாடாளுமன்றத்தின் மிக இளைய உறுப்பினரானார். இடையில் நடந்தது தொழிற்கட்சியின் பிளவு. கம்யூனிச எதிர்ப்பில் தீவிரமான கத்தோலிக்கர்கள் பெருமளவில் பிரிந்துபோய்த் தனிக் கட்சி கண்டார்கள். விருப்ப வரிசை வாக்குமுறையில் அவர்களின் இரண்டாம் விருப்பம் லிபரல்களுக்குப் போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரிஷ் கத்தோலிக்கரை வேலைக்கு வைப்பதற்கே யோசித்த, மகளைக் கத்தோலிக்கனுக்குக் கொடுப்பதை வீழ்ச்சியாகக் கருதிய புராட்டஸ்டண்ட் பண்ணை வர்க்கத்தின் ஆட்சி, பதினேழு ஆண்டுக்காலம் கத்தோலிக்க ஓட்டின் தயவில் நீடித்தது. வீட்டுக்குள் ஆகாது, ஓட்டுப்பெட்டிக்குள் ஆகும்.

அதே மேற்கு மாவட்டத்தில்தான் கோண்டா ஏரியும் இருக்கிறது. அங்கே குண்டிட்ஜ்மாரா என்ற பூர்வகுடி மக்களுக்கென இருந்த மிஷன் நிலத்தை, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தது அரசு. குண்டிட்ஜ்மாரா மக்களில் லவெட் குடும்பத்தின் ஐந்து சகோதரர்கள் முதல் உலகப் போரில் பணியாற்றினார்கள். அவர்களில் நால்வர் இரண்டாம் உலகப் போரிலும் சீருடை அணிந்தார்கள். அந்தக் குடும்பத்தின் ஹெர்பர்ட் லவெட், தம் முன்னோர் நிலத்திலேயே ஒரு துண்டு கேட்டு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டது. எந்தப் பாட்டியம்மாளின் கோபமும் இதற்குக் காரணம் அல்ல. ஒரு அலுவலகத்தில், ஒரு படிவத்தின் மேல், முறைப்படி எடுக்கப்பட்ட முடிவு. தனிமனிதப் பகையாக எடுத்துக்காட்டப்படும் இனவெறி இப்படித்தான் சட்டத்துக்குள்ளும் கோப்புக்குள்ளும் குடியிருந்தது.

யூத வெறுப்பும் அப்படியே. 1938-இல் ஐரோப்பிய யூத அகதிகளைப் பற்றி விவாதிக்க எவியானில் கூடிய மாநாட்டில், எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்துகொள்ளும் விருப்பமும் இல்லை என்ற பொருளில் ஆஸ்திரேலியப் பிரதிநிதி பேசினார். போருக்குப் பின் குடியேற்றத்தைப் பெருக்க முனைந்த அமைச்சர் கால்வெல், எந்தக் கப்பலிலும் யூதப் பயணிகள் கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு போட்டார். அவர் தொழிற்கட்சிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இந்த மனப்பான்மை பண்ணை வீட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆனால் பண்ணை வீட்டில் அதற்கு ஒரு தனி வேலை இருந்தது: யார் மருமகளாகலாம், யார் வாரிசாகலாம் என்று தீர்மானிப்பது. ஃபிரேசரின் தந்தைவழித் தாத்தா செனட்டர், ரயில்பாதை ஒப்பந்தத்தில் சம்பாதித்து நிலம் வாங்கியவர். அந்த வம்சாவளி எல்லோருக்கும் தெரியும். தாய்வழித் தாத்தா லூயி வுல்ஃப் யூத மரபினர் என்பது பலருக்குத் தெரியாது. சீமான் மிடுக்கின் அடையாளமாகவே கேலிச்சித்திரங்களில் வரையப்பட்ட ஒரு மனிதரின் இரத்தத்தில் அந்தக் கலப்பு இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். குடும்பம் என்றால் அந்தரங்கம் இருக்கத்தானே செய்யும், எல்லாவற்றையும் தெருவில் கொட்ட வேண்டுமா? வேண்டாம். ஜூடித் ரைட்டே திருமணமான ஒருவரோடு, ஜாக் மெக்கின்னி என்ற தத்துவச் சிந்தனையாளரோடு, பல ஆண்டுகள் வாழ்ந்து 1962-இல்தான் மணம் செய்துகொண்டார். மெக்கின்னி மறைந்த பின், பொருளாதார நிர்வாகி நகெட் கூம்ப்ஸோடு ஜூடித்துக்கு இருந்த நீண்ட காதல், அவ்விருவரும் இறந்த பிறகே வெளியே வந்தது. அதனால் யாரும் நிலம் இழக்கவில்லை. அது அந்தரங்கம். பேட்ரிக் வைட்டின் கதை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஹண்டர் பள்ளத்தாக்கின் பெரிய மேய்ச்சல் குடும்பத்து வாரிசு, 1973-இல் இலக்கிய நோபல் பெற்றவர்; மனோலி லஸ்காரிஸ் என்ற ஆணோடு வாழ்நாள் முழுவதும் வாழ்ந்தார். நியூ சவுத் வேல்ஸில் 1984 வரை அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அங்கே மறைக்க வைத்தது அரசு. ஆகவே இரகசியத்தை நியாயம் விசாரிக்கும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை மூடிவைத்ததால் ஆதாயம் யாருக்கு?

இன்னொரு மறுப்பு கனமானது. அன்றைய மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பது அது. அன்றைய அளவுகோலாலேயே அளப்போம். 1938 ஜனவரி 26 அன்று, வெள்ளையர் குடியேறிய 150-ஆம் ஆண்டு விழா சிட்னியில் நடந்துகொண்டிருந்தபோது, பூர்வகுடித் தலைவர்கள் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் கூப்பர், அதே ஆண்டு டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்படுவதைக் கண்டித்து மெல்போர்னின் ஜெர்மன் தூதரக அலுவலகத்துக்குக் கண்டன மனுவோடு ஊர்வலம் போனார். வாக்குரிமைக்கும் நிலத்துக்கும் தம் மக்களே போராட வேண்டியிருந்த நாட்டில் வாழ்ந்த ஒரு முதியவருக்குத் தெரிந்த நியாயம், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல முடியுமா? காலம் ஒரே அளவுகோலை எல்லோர் கையிலும் கொடுத்திருந்தது. சிலர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

அந்த வர்க்கத்திலிருந்துதானே ரைட்டும் வைட்டும் ஃபிரேசரும் வந்தார்கள் என்று மூன்றாவதாகக் கேட்கலாம். உண்மை. ஆனால் யார், எப்போது, எவ்வளவு பேசினார்கள் என்று பாருங்கள். ஜூடித் வீட்டை விட்டுக் குவீன்ஸ்லாந்து போய் வாழ்ந்தவர். பண்ணையை ஏற்று நடத்தியவர்கள் அவருடைய சகோதரர்கள். பேட்ரிக் வைட் மேய்ச்சல் வாழ்க்கையைத் துறந்து எழுதப் போனவர். ஃபிரேசர் 1976-இல் பிரதமராக இருந்து நில உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார்; அது வடக்குப் பிரதேசத்துக்கு. அவருடைய சொந்த வட்டாரத்தின் கோண்டா ஏரி நிலம் பூர்வகுடிகளுக்குத் திரும்பியது 1987-இல், அவருக்குப் பின் வந்த தொழிற்கட்சி ஆட்சியில். வீட்டு வாசலுக்கு நெருங்க நெருங்க நியாயம் பேசுவது கடினமாகிறது என்பதே இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு. ஃபிரேசரைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வியட்நாம் அகதிகளுக்குக் கதவைத் திறந்தவர் அவர். முதுமையில் சொந்தக் கட்சியையே விட்டு விலகினார். 2014-இல், கடலில் வழிமறித்த புகலிடக் கோரிக்கையாளர்களை ஆஸ்திரேலிய அரசு இலங்கையிடம் ஒப்படைக்க முனைந்தபோது, அது 1930-களில் யூதர்களை நாஜிகளிடம் ஒப்படைப்பதற்கு நிகர் என்ற பொருளில் பகிரங்கமாக எழுதினார். படகுகளில் தமிழர்களும் இருந்தார்கள்.

ஜூடித் ரைட் 1979 முதல் கூம்ப்ஸோடு சேர்ந்து, பூர்வகுடிகளோடு அரசு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். அந்த ஒப்பந்தம் அவர் வாழ்நாளில் வரவில்லை. 2000-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 85 வயதில் கான்பராவில் நடந்த நல்லிணக்கப் பேரணியில் கலந்துகொண்டார். பண்ணை வீட்டுச் சீமான்களைப் பற்றி ஏதாவது படிக்க விரும்புகிறவர்கள் அவருடைய 1959-ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தாராளமாக எடுத்துப் படிக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 1981-இல் வந்ததையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.